விளக்கோடு திரும்பாத நிழல்

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை இறங்குவதற்குள் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும் என்று அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மகள் தன் அறையிலிருந்து கூப்பிட்டாள். அப்போதே அவளுடைய வலது கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து, ஈரம் ஏறிய சுவர்க்காகிதம்போல மேல் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எனக்கும் என் மனைவிக்கும் தெரியாது. கோளாறு படத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கண்ணைக் காப்பாற்றுவதற்கான நல்ல நேரத்தையெல்லாம் ஒரு பொம்மையின் கழுத்தைச் சரிசெய்வதில் செலவழித்தோம்.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன். இந்தப் புள்ள கழுத்துல ஒரு நிழல் தெரியுதா, பாருங்க."

போய்ப் பார்த்தேன். திரையில் அவளுடைய படகுக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை, கையில் துடுப்பு, மாநிறத்தையும் தாண்டிய கறுப்பு. இடது காதுக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்து, முகத்தின் ஒரு பாதி ஒளியாகவும் மறுபாதி நிழலாகவும் இருந்தது. கழுத்து சுத்தமாக இருந்தது.

"இல்லியேம்மா."

"நல்லாப் பாருங்கப்பா. கீழ, இடது பக்கம். சாம்பல் மாதிரி."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உங்களுக்கு எண்ணெயிலதான் கலர் தெரியும்" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது. பாசீர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. எண்ணெயின் சிவப்பையும் மஞ்சளையும் கண்ணாடித் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகியவன். நிற வேறுபாடு எனக்குத் தெரியும் என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் போன மாதம் இதே பெண்ணின் காதடியில் ஒரு பிசிறு இருப்பதாக மகள் காட்டியபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் அவளுடைய நிறுவனத்து இயக்குநர் அதே இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். அதிலிருந்து அவளுடைய திரையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அவள் செய்யும் வேலை என்ன என்று விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஜொகூர் பாருவில் உள்ள ஒரு சிறிய விளையாட்டு நிறுவனத்துக்காக மாசாயில் எங்கள் வரிசை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து உருவங்கள் செய்கிறாள். உருவம் என்றால் தட்டையான ஓவியம் இல்லை. கணினிக்குள் நிற்கும் சிலைபோல அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், அதன்மேல் விளக்கு வைக்கலாம். சாதாரணமாக விட்டால் வெளிச்சம் கன்னத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் குறைந்து தாடையில் இருட்டாகும், நம் முகத்தில் விழுவதுபோலவே. அவளிடம் கேட்டது அது இல்லை. கையால் வரைந்த கார்ட்டூன்போல இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஒரே கோடு.

"அவ்வளவுதானே, ஈஸிதானே?" என்று முதலில் கேட்டுவிட்டேன்.

"ஈஸியா? இங்க வந்து உக்காருங்க" என்று காட்டினாள். அந்தக் கோட்டைக் கணினியின் போக்கில் விட்டால், மூக்கு, உதடு, கன்னமேடு என்று ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் நிழல் தனித்தனியாகத் துண்டு விழுகிறது. முகமெல்லாம் தேமல் படர்ந்ததுபோல ஆகிவிடுகிறது. "அதுக்குக் கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லணும்ப்பா" என்றாள். முகத்தின் ஒவ்வொரு சிறு துண்டும் தான் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்கிறதாம். அந்தத் திசைகளை இவள் கையால் மாற்றி, கன்னம் உண்மையில் இருப்பதைவிட வழவழப்பான உருண்டை என்று நம்ப வைக்கிறாள். அப்போதுதான் நிழல் ஒரே வளைவாக, அழகாக விழும். கறுப்பு நிறத்துக்கு இன்னொரு தொல்லை. மென்பொருளோடு வரும் நிழல் நிறங்களை அவளுடைய பெண்ணுக்குப் போட்டால் நோயாளிபோலச் சாம்பல் பூத்துவிடுகிறது. கடைசியில் ஒரு நாள் நான் வாங்கி வந்த மங்குஸ்தான் தோலைப் பக்கத்தில் வைத்து அந்தச் சிவப்புக் கருமையைப் பிடித்தாள். பழத்தை நாங்கள் தின்றோம். தோலை நான்கு நாள் எறிய விடவில்லை.

வேலை செய்யும்போது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, எது வெளிச்சம், எது நிழல் என்பது மட்டும் நிற்குமாம். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். மூடுவது எப்போதும் இடது கண்தான். வலது கண்ணை மூடத் தனக்கு வராது என்பாள். சிறுவயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டிருப்பவள். பவர் ஆண்டுதோறும் ஏறியது. ஏறுகிறதே என்று கவலைப்பட்டேன். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு கண்ணையும் தொறந்து பாத்தா தெரியல. இடுக்கிப் பாத்தாத்தான் தெரியுது" என்றாள் அன்று. அவள் தொழிலில் அது சந்தேகத்துக்குரிய விஷயம் இல்லை. இடுக்கிப் பார்ப்பதே பிழையைக் கண்டுபிடிக்கத்தானே. விளக்கை வலப்பக்கம் நகர்த்தினாள். மற்ற நிழல்களெல்லாம் திரும்பின. இது மட்டும் திரும்பவில்லை என்றாள். பொம்மையைத் திருப்பினாள். அப்போதும் அது நின்ற இடத்திலேயே நின்றது.

"லைட்டோட திரும்ப மாட்டேங்குது. கேமராவோட ஒட்டிக்கிச்சு போல. அலமாக், புது பக்" என்று சலித்துக்கொண்டாள். மென்பொருளில் வரும் பிழையை அவள் அப்படித்தான் சொல்வாள்.

நான் துணி எடுக்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. ஈரக்குடையை மடக்குவதற்குள் மகள் அவளையும் இழுத்துப்போய்த் திரை முன்னால் நிறுத்தினாள்.

"அம்மா, கழுத்துகிட்ட ஏதாவது தெரியுதா?"

மனைவி குனிந்து பார்த்தாள். "ஆமா பாப்பா, தெரியுதே. கோடு கோடா இருக்கு."

"பாத்தீங்களா!" என்று மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்குத் தெரியுது."

மனைவி பொய் சொல்லவில்லை. அவள் பார்த்தது சன்னல் கம்பியின் பிரதிபலிப்பு. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்த நேரம் அது. உயரம் குறைந்தவள் என்பதால் அவள் நின்ற இடத்திலிருந்து மட்டும் அது தெரிந்திருக்கிறது. இதை வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அன்றைக்கு இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்குத்தான் கண் சரியில்லை என்று முடிவாயிற்று. "நீங்க போயி ஒரு தடவ கண்ணு டெஸ்ட் பண்ணுங்களேன்" என்றாள் மனைவி.

அதற்கு முன்பே அறிகுறிகள் வந்திருந்தன. அவற்றையும் நாங்கள் எங்களுக்குத் தெரிந்த விதத்தில்தான் புரிந்துகொண்டோம். எங்கள் பக்கத்தில் மாலையானால் இடி மின்னல் வழக்கம். மின்னினால் உடனே தொலைக்காட்சியையும் மோடத்தையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். பக்கத்து வீட்டில் அப்படி ஒருமுறை ஆகியிருக்கிறது. அந்த வாரத்தின் தொடக்கத்திலிருந்தே மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "மின்னுதும்மா, மோடத்தக் கழட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி ஓடிப்போய்க் கழற்றுவாள். இடி கேட்காது. மறுபடி மாட்டுவாள்.

"எங்கடி மின்னுது? வானம் பளிச்சுனு கெடக்கு."

"ஓரத்துல மின்னுச்சும்மா. பொந்தியான் பக்கமா இருக்கும்லா."

"ஆமா, பொந்தியான்ல மின்னுனா ஒனக்கு மாசாய்ல தெரியுதாக்கும்" என்று நான்தான் கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தோம். அது அவள் கண்ணுக்குள் விழித்திரை இழுபடும்போது தெரிந்த மின்னல். கொசு பறக்கிறது என்றும் இருமுறை கையை வீசினாள். எங்கள் தாமான் குடியிருப்பில் கொசுப்புகை அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வந்துவிட்டதா என்று நகராட்சியைத் திட்டினேன். அந்தக் கொசுவும் அவள் கண்ணுக்குள்தான் மிதந்தது.

வெள்ளிக்கிழமையும் நான் விடுப்பில் இருந்தேன். திங்கட்கிழமை அவள் அந்தப் பெண்ணை முடித்து அனுப்ப வேண்டும். காலையிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. நிழல் விழும் முறையை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள். கழுத்துத் துண்டுகளின் திசைகளை மறுபடி திருப்பினாள். உருவத்தைச் சுற்றி வரும் கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள். நிழல் போகவில்லை, கூடியது. "நேத்து கழுத்துல இருந்துச்சு. இன்னைக்குத் தாடை வரைக்கும் ஏறிருச்சுப்பா. நான் கை வைக்க வைக்கப் பெருசாகுது" என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். திரையைத் துடைத்தேன். கம்பியைப் பிடுங்கி மாட்டினேன். வெளிச்சத்தால் இருக்குமோ என்று பழைய கறுப்புப் போர்வை ஒன்றைச் சன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அறை குகைபோல ஆனது. அந்த இருட்டில் அவள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கதவோரம் தேநீரோடு நின்றேன். உதவி செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவள் ஒரு காணொளியை இயக்குநருக்கு அனுப்பினாள். அவர் இளைஞர், சீனர், நல்ல மனிதர். அவருடைய பதில் குரல் செய்தியாக வந்தது. நானும் கேட்டேன். நிழல் எதுவும் தெரியவில்லை, மிகச் சுத்தமாக இருக்கிறது, நீ தூங்கு என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் நிம்மதியடைந்தேன். அவள் அடையவில்லை.

"வீடியோவ சுருக்கி அனுப்புறப்ப அது போயிருக்கும். அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியுதே."

"அவரும் இல்லைங்கிறாரேம்மா" என்றேன்.

"காதுகிட்ட இருந்ததையும் நீங்க இல்லைனுதான் சொன்னீங்க."

தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கணினியோடு இணைத்துக் கொடுத்தேன். பெரிய திரையில் பார்த்தாள். அதிலும் இருந்தது. "திரையிலயும் தப்பில்ல, மாடல்லயும் தப்பில்ல. அப்ப எங்கதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அந்தக் கேள்வியை அப்போதே ஒருவராவது எடுத்து யோசித்திருக்கலாம். நான் தொலைக்காட்சியை மறுபடி கூடத்துக்குத் தூக்கிச் சென்றேன்.

சனிக்கிழமை காலை. மனைவி தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்தாள். மகள் மேசையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜ முகங்களில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதும் அவள் வேலையில் சேர்த்திதான். வழக்கம்போல இடது கண்ணை மூடினாள்.

"அம்மா, அப்படியே நில்லுங்க."

"தோச கருகும்டி."

"ஒங்க கழுத்துலயும் அது இருக்கும்மா."

"எது?"

"அந்த நிழல்."

மனைவி தோசைத் திருப்பியை வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "மஞ்சள் கிஞ்சள் ஒட்டிக்கிச்சா?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள், நாள்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தபோது அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்பா, எல்லாத்துலயும் இருக்குப்பா."

"வலது கண்ண மூடிக்கிட்டு, இடது கண்ணால பாரும்மா" என்றேன்.

அவளுக்கு அந்தக் கண்ணை மூட வராது. தன் உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "இப்ப இல்ல."

தோசை கருகும் வாடை வீடெல்லாம் நிறைந்தது. மூன்று பேரில் ஒருவர்கூட அடுப்பை அணைக்கவில்லை.

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடி செய்து கொடுக்கும் சீன அம்மாள் அப்போதுதான் இரும்புக்கதவை ஏற்றிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டதும் கண்ணாடிச் சட்டங்கள் பக்கமே போகாமல் நேராக அவளை உள்ளே உட்கார வைத்தார். ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஒரு தாளில் நான்கு வரி எழுதி என் கையில் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு இப்போதே போங்கள், வீட்டுக்குப் போய்விட்டுப் போகிறேன் என்று நினைக்காதீர்கள் என்று மலாயில் சொன்னார். காசு நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

மாசாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலையில் முன்னும் பின்னும் கொள்கலன் லாரிகள். நான் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதே இல்லை. குலுங்கினால் இன்னும் உரியுமோ என்று பயம். சீக்கிரம் போகாவிட்டால் உரியுமோ என்றும் பயம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது மூவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோம்.

"மெதுவாங்க."

"மெதுவாத்தானே போறேன்."

"சீக்கிரம் போங்களேன், பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் பாருங்க."

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்றாள் மகள் பின்னிருக்கையில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு. "எனக்கு வலிக்கவே இல்ல. வலிக்காம இருக்கிறதுதான் பயமா இருக்கு."

மருத்துவமனையில் கூட்டம். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். இங்கேதான் என் மனைவி இன்னொன்றைச் செய்தாள். பிள்ளை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று கீழே போய் ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்து, வாயில் ஊட்டிவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டையையும் சாப்பிடும்மா என்றேன். பசியோடு ஒரு பிள்ளை காத்திருப்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசி வாய் உள்ளே போனபோது தாதி வந்து பேரைக் கூப்பிட்டார். வாழையிலையைப் பார்த்தார்.

"சூடா மாக்கான்?" என்று மலாயில் கேட்டார், சாப்பிட்டாயிற்றா என்று.

சாப்பிட்டாயிற்றுதான். மனைவி சம்பலோடு கையை நீட்டியபடி நின்றாள். மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இனி பல மணி நேரம் எதுவும் செய்ய முடியாது என்று தாதி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "முருகா, நானே பண்ணிட்டேனே" என்று மனைவி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஓர் இளம் மருத்துவர் பரிசோதித்துவிட்டு வந்து, ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார். மேலிருந்து இவ்வளவு உரிந்திருக்கிறது, மேலே உரிந்தால் நிழல் கீழே தெரியும். நடுவில் இந்தப் புள்ளிதான் கூர்மையான பார்வை. அது இன்னும் ஒட்டியிருக்கிறது. அது விழுவதற்குள் திரும்ப ஒட்டினால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. விழுந்த பிறகு ஒட்டினால் படிப்பது, வரைவது, நுணுக்கமான வேலை எல்லாம் சந்தேகம். இதைச் செய்யக்கூடிய அறுவை மருத்துவர் ஒருவர்தான் இப்போது இருக்கிறார். அவரும் கோலாலம்பூருக்குப் போயிருக்கிறார். நாளைக் காலை வந்துவிடுவார்.

"நாளைக்கா?" என்றேன்.

சாப்பிட்டிருக்காவிட்டாலும் நாளைக்குத்தான் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டு மனைவிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் காதில் அது ஏறவே இல்லை. அதுவரை எப்படிப் படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்கள். தலையணையை எடுத்துவிட்டு, வலப்பக்கம் சாய்ந்து, தலையை அசைக்காமல். கழிவறைக்கு மட்டும் எழலாம்.

"எங்க ஊரு வெள்ளம் மாதிரிதான் இது" என்று மனைவி என்னிடம் முணுமுணுத்தாள். அவள் பிறந்தது கோத்தா திங்கியில். ஆற்றுநீர் வாசற்படியைத் தொடுவதற்குள் மழை விடுமா என்று உட்கார்ந்து பார்த்தவள். "அப்பக்கூட சாமான மேல தூக்கி வைக்கலாம். இதுக்கு எதத் தூக்கி வைக்கிறது?"

சாயங்காலம் மகள், எப்போதும் தன் பையிலேயே இருக்கும் மடிக்கணினியைக் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். "நான் பாக்க மாட்டேன். நீங்க பாருங்க. வெள்ளிக்கிழம நான் எல்லாத்தையும் மாத்திட்டேன். தப்பே இல்லாத மூஞ்சியக் கெடுத்து வச்சிருக்கேன். பழசு இருக்கானு பாத்து அனுப்பிருங்க, ப்ளீஸ்ப்பா. இல்லாட்டி எனக்கு அசையாமப் படுக்க வராது."

கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, மடியில் வைத்துத் திறந்தேன். அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வழி சொன்னாள். வியாழக்கிழமைக் கோப்பைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். படகுக்காரப் பெண் வந்து நின்றாள்.

"வந்துட்டாளா? எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா."

"நிழல் எங்க வெட்டுது, சொல்லுங்க."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். மூக்கின் நுனியைத் தொட்டுக்கொண்டு கன்னத்தில் இறங்கி, தாடையில் வளைந்து காதடிக்குப் போகிறது. பிசிறு இல்லை. மங்குஸ்தான் நிறம். அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "கழுத்துல?" என்றாள். "கழுத்துல ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். வியாழக்கிழமை சொன்ன அதே பதில்.

அனுப்புவதற்கான இடத்தைத் தேடியபோது என் விரல் எதிலோ பட்டு இழுத்துவிட்டது. ஓரத்தில் நீளமான ஒரு பட்டை. வெளிச்சமும் நிழலும் எங்கே பிரிய வேண்டும் என்று சொல்கிற பட்டை அது. கோடு நகர்ந்தது. கன்னத்தைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது, நெற்றி வரை ஏறியது. ஒரு நொடியில் முகம் முழுவதும் நிழலாகிவிட்டது. எந்தப் பக்கம் இழுத்தால் திரும்பும் என்று தெரியாமல் நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்னப்பா? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எதையாவது தொட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. முகமெல்லாம் இருட்டாயிருச்சு."

"அட, அதுக்கு எதுக்குக் கொரல் இப்படிப் போகுது? கண்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அமுக்குங்க. போயிரும்."

அமுக்கினேன். போய்விட்டது. கோடு பழைய இடத்துக்கு வந்தது. அவள் சொன்னபடி அனுப்பினேன். மூடி வைத்துவிட்டு வெளியே வந்து, நடைகூடத்தில் தண்ணீர் எந்திரத்தின் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் அவள் கண்ணைத் தேய்த்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். மின்னினால் மோடத்தைக் கழற்றுவதில்லை. முதலில் சன்னலுக்குப் போய், அது வானத்தில்தான் மின்னியதா என்று பார்க்கிறேன்.

அந்த இரவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அவள் அசையாமல் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. விடியலுக்கு முன்பே கோலாலம்பூரிலிருந்து காரோட்டி வந்து, நேராக உள்ளே போய்விட்டார். மகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது அவளுடைய கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்தால் கீறுமே என்று கையிலேயே வைத்திருந்தேன். அறுவை அறையின் கதவுக்கு மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி அன்றைக்கும் சாப்பிடவில்லை, முந்தின நாளும் சாப்பிடவில்லை. நாசி லெமாக் விற்கும் பக்கமே போக மாட்டேன் என்றாள். நான் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பேருக்கு, காத்திருந்தால் முடிவு தானாக வரும் என்று சொன்னவன். அங்கே உட்கார்ந்து, உள்ளே போய் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவாவது விடமாட்டார்களா என்று ஏங்கினேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. ஒரு பெண்மணி வந்தார். ஏறக்குறைய என் வயது. தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு. எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"அந்தப் பொண்ணோட அப்பா அம்மாதானே? உக்காருங்க, எந்திரிக்காதீங்க."

நாங்கள் எழுந்துதான் நின்றோம்.

"ஒட்டியாச்சு" என்றார். "நடு விழல. ரொம்பக் கிட்ட வந்துருச்சு, ஆனா விழல. நேத்து ராத்திரி அவ அசையாமப் படுத்தது நல்லதாப் போச்சு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நேத்து நான்தான் சோறு ஊட்டிட்டேன் டாக்டர்" என்றாள்.

"அதனால ஒண்ணும் கெடலம்மா. நேத்து நானே இங்க இல்ல."

"பழையபடி தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"பழையபடின்னு நான் இப்ப சொல்ல மாட்டேன், சார். ஒட்டினது விலகாம இருக்கக் கண்ணுக்குள்ள ஒரு கேஸ் குமிழி விட்டிருக்கேன். அது கரையுற வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். தல எப்படி வைக்கணும்னு நர்ஸ் சொல்லுவாங்க, அதே மாதிரி வைக்கணும். கேஸ் கரையட்டும், அப்புறம் பேசலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இடது கண்ணுலயும் ரெண்டு எடம் மெலிஞ்சிருக்கு. லேசர் போட்டுட்டேன். இருந்தாலும் அதையும் விட்டுறக் கூடாது."

நான் தலையசைத்தேன். அவளுடைய கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொன்னா" என்றார் அவர். "பொம்ம கழுத்துல நிழல்னு ஒன்றரை நாள் தேடினாளாமே. இனிமே புதுசா எது தெரிஞ்சாலும், மொதல்ல ஒரு கண்ண மூடிப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் இன்னொரு கண்ண. கம்ப்யூட்டரக் கடைசியா சந்தேகப்பட்டாப் போதும்."